தொகுப்பு உயிரியலின் பொதுமொழி: நம் வகுப்பறைக்கு அதில் என்ன வேலை?



அறிவியல் விழா நெருங்கும் காலத்தில் பெற்றோர் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, யாரும் செய்யாத புதுமையாக ஒன்றைச் சொல்லுங்கள், பிள்ளை பரிசு வாங்கட்டும்" என்பார்கள். புதுமைக்கு நாம் அனைவரும் மதிப்பளிக்கின்றோம். செய்ததைப் பிறர் புரிந்துகொள்ளும் வகையில் எழுதி வைப்பதற்கோ யாரும் மதிப்பளிப்பதில்லை. அறிக்கை என்பது விழாவுக்கு முந்தைய இரவில் அம்மாவோ அக்காவோ தட்டச்சு செய்து கொடுக்கும் தாள் என்றாகிவிட்டது. இது தவறான பழக்கம் என்பதோடு, நாளைய அறிவியல் நடைபெறும் முறைக்கு நேர் எதிரானது என்பதும் என் கருத்து. அதற்குச் சான்றாக, புதுமைக்கே பெயர்பெற்ற ஒரு துறையை இங்கு எடுத்துக்கொள்கின்றேன்.

நாளிதழ்கள் 'செயற்கை உயிரியல்' என்று எழுதும் துறை அது. எனக்கு அச்சொல்லில் முழு உடன்பாடு இல்லை. செயற்கை என்றவுடன் போலி என்ற பொருள் ஒட்டிக்கொள்கின்றது. மரபணுத் துண்டுகளை ஒன்றுசேர்த்துத் தொகுப்பதே இதன் பணி. ஆகவே தொகுப்பு உயிரியல் என்றே இக்கட்டுரையில் எழுதுகின்றேன்.

2000-ஆம் ஆண்டு சனவரியில் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. பாசுடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டுனர், கேண்டர், காலின்சு ஆகியோர் ஒரு பாக்டீரியாவுக்குள் மரபணுக்களால் ஆன விசை ஒன்றை அமைத்திருந்தனர். மின்விசையைப் போலவே, ஒருமுறை மாற்றினால் அது மாறிய நிலையிலேயே நிற்கும். பிரின்சுடனைச் சேர்ந்த எலோவிட்சும் லைப்லரும் ஒன்றையொன்று அடக்கும் மூன்று மரபணுக்களை வட்டமாகக் கோத்து, பாக்டீரியா சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கும்படி செய்திருந்தனர். மின்சுற்றை வடிவமைப்பதுபோல் உயிரணுவுக்குள்ளும் சுற்றுகளை வடிவமைக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

நம்பிக்கை பிறந்துவிட்டாலும், ஒருவர் செய்த துண்டை இன்னொருவர் எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி எஞ்சியிருந்தது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டாம் நைட் கணினித் துறையிலிருந்து வந்தவர். திருகாணிக்கும் மரைக்கும் பொது அளவு இருப்பதுபோல் மரபணுத் துண்டுகளுக்கும் இருக்க வேண்டும் என்று கருதிய அவர், 2003-இல் 'பயோபிரிக்' என்னும் முறையை முன்மொழிந்தார். ஒவ்வொரு டி.என்.ஏ துண்டின் இருமுனைகளிலும் குறிப்பிட்ட எழுத்துத்தொடர்கள் அமைந்துவிட்டால் எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் ஒரே முறையில் ஒட்டலாம். பிள்ளைகள் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு சனவரியில் அக்கழகத்தில் மாணவர்களுக்கான குறுகிய காலப் பாடமாகத் தொடங்கிய முயற்சி, 2004-இல் ஐந்து குழுக்களின் போட்டியாக வளர்ந்தது. இன்று ஐஜெம் என்ற பெயரில் உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான மாணவர் குழுக்கள் அதில் கலந்துகொள்கின்றன. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் தனிப்பிரிவு உண்டு. அண்டை நாடான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகக் குழுக்களும் பங்கேற்றுள்ளன. மாணவர்கள் உருவாக்கும் துண்டுகள் அனைத்தும் ஒரு பொதுப் பதிவேட்டில் எண்ணிடப்பட்டுச் சேர்க்கப்படுகின்றன. அதனை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

கேட்பதற்கு அழகாக இருக்கின்றது அல்லவா? நடைமுறையில் அவ்வளவு அழகாக இல்லை. பதிவேட்டில் துண்டுகள் குவிந்தன, ஆனால் பல துண்டுகளுக்கு முறையான விளக்கமே இல்லை. இது எந்தப் பாக்டீரியா வகையில் வேலை செய்தது, எவ்வளவு வெப்பநிலையில், எந்த ஊட்டக் கரைசலில் என்ற செய்திகள் விடுபட்டிருந்தன. சில துண்டுகள் எழுதியபடி இயங்கவும் இல்லை. 2010-இல் நேச்சர் இதழே இத்துறையின் கசப்பான உண்மைகள் என ஐந்தைப் பட்டியலிட்டபோது, துண்டுகளின் இயல்பு சரிவர வரையறுக்கப்படாமையைச் சுட்டியது. முனைகளை ஒன்றுபோல் ஆக்கியவர்கள் குறிப்பேட்டை ஒன்றுபோல் ஆக்கவில்லை. நம் பள்ளி அறிவியல் அறையின் அலமாரியில் பெயர்ச்சீட்டு உரிந்துபோன புட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை எளிதில் விளங்கும். புட்டி இருக்கின்றது, உள்ளே ஏதோ கரைசலும் இருக்கின்றது, எடுத்துப் பயன்படுத்தத்தான் துணிவு வருவதில்லை.

பயோபிரிக் முனைகளிலும் ஒரு குறை இருந்தது. இரண்டு துண்டுகள் ஒட்டும் இடத்தில் எட்டு எழுத்துத் தழும்பு ஒன்று எஞ்சிவிடும். இரு புரதங்களை ஒன்றாக இணைக்க வேண்டுமாயின் அத்தழும்பு வாசிப்பு வரிசையைக் குலைத்துவிடும். 2008-இல் கோல்டன் கேட் முறையும் 2009-இல் கிப்சன் முறையும் வந்த பின்னர், பழைய முனைகள் இல்லாமலேயே பல துண்டுகளை ஒரே நேரத்தில் இணைக்க முடிந்தது. பொருளுக்கு வகுத்த தரம் இவ்வாறு முதுமையடைந்தது. நான் இதனைக் குறையாகக் கருதவில்லை. கருவிகள் மாறும்போது பொருள்களின் வடிவமும் மாறத்தான் செய்யும். தகவலை எழுதும் முறைக்கு அவ்வளவு விரைவில் வயதாவதில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

தகவலை எழுதுவது என்றால் என்ன? டி.என்.ஏ என்பது ஏ, டி, ஜி, சி ஆகிய நான்கு எழுத்துகளின் நீண்ட தொடர். அதனைச் சேமிக்க 1982 முதல் ஜென்பேங்க் என்னும் தரவுத்தளம் இருந்து வருகின்றது. இயற்கையில் கண்டெடுத்த தொடர்களைப் பதிவதற்கே அதன் கோப்பு வடிவம் உருவாக்கப்பட்டது. மனிதர் வடிவமைத்த தொடருக்கு வேறு பல செய்திகளும் வேண்டும். எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது? எது எதனை அடக்கும்? யார் எப்போது மாற்றினார்? இன்னொரு சிக்கலும் உண்டு. மரபணுவைப் படிக்கத் தொடங்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் 'புரொமோட்டர்' என்னும் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரே புரொமோட்டரை ஓர் ஆய்வகம் 'பி-டெட்' என்று எழுதும், இன்னொன்று 'பிடெட்' என்று சேர்த்து எழுதும், மூன்றாவது 'டெட்-ஆர் புரொமோட்டர்' என்று எழுதும். படிக்கும் மனிதருக்கு மூன்றும் ஒன்றே. கணினிக்கு மூன்றும் வேறுவேறு.

சில கட்டுரைகளில் இதனினும் மோசமான நிலை. பாக்டீரியாவுக்குள் என்ன வைத்தோம் என்பதன் முழு எழுத்துத்தொடரே தரப்பட்டிருக்காது, அம்புக்குறிகள் போட்ட ஒரு படம் மட்டும் இருக்கும். முழுத்தொடரையும் வெளியிட வேண்டும் என்று 2011-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஆய்வாளர்கள் கூட்டாக எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. சமையல் குறிப்பில் பொருள்களின் அளவு இல்லாமல் குழம்பின் நிழற்படம் மட்டும் இருந்தால் எப்படிச் சமைப்பது?

இக்குறையைப் போக்க 2008-இல் சியாட்டில் நகரில் சிலர் கூடிப் பேசத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்ததே எசு.பி.ஓ.எல் எனப்படும் 'தொகுப்பு உயிரியல் திறந்த மொழி'. முதல் பதிப்பு 2011-இலும், இரண்டாவது 2015-இலும், மூன்றாவது 2020-இலும் வெளிவந்தன. பெயரில் மொழி என்று இருந்தாலும், அடிப்படையில் இது தகவல் எழுதும் ஒழுங்கு. ஒவ்வொரு துண்டுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள முகவரி இருக்கும். அது செய்யும் வேலையை அவரவர் விருப்பப்படி சொற்களால் எழுதாமல், பொதுச் சொற்பட்டியலிலுள்ள எண்ணால் குறிப்பார்கள். புரொமோட்டர் என்றால் 0000167. முடிவுப்பகுதி என்றால் 0000141. எந்த நாட்டு ஆய்வகமானாலும், எந்த மென்பொருளானாலும், அந்த எண்ணுக்கு ஒரே பொருள்தான். துண்டுக்குள் துண்டு, அவற்றின் ஒன்றன்மீதொன்றான தாக்கம், வடிவமைப்பு வந்த வழி ஆகிய யாவற்றையும் அதே கோப்பில் எழுதலாம்.

இதன் உடன்பிறப்பாக 2013-இல் படக்குறியீடுகளும் வகுக்கப்பட்டன. வளைந்து மேலெழும் அம்பு புரொமோட்டரைக் குறிக்கும். அரைவட்டம், ரைபோசோம் வந்து ஒட்டும் இடம். ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற வடிவம் முடிவுப்பகுதி. தொடக்கப்பள்ளியில் மின்கலத்துக்கும் விசைக்கும் மின்விளக்குக்கும் குறியீடு வரையக் கற்பிக்கின்றோமே, அதன் மறுபதிப்பு என்றே சொல்லலாம். மின்சுற்றுக் குறியீடுகளை மனப்பாடச் சுமை என்று குறைகூறும் பெற்றோர்களுக்கு இச்செய்தியைச் சொல்ல விரும்புகின்றேன்.

எழுதும் ஒழுங்கு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2016-இல் சயின்சு இதழில் வந்த 'செல்லோ' என்னும் மென்பொருள் நல்ல சான்று. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் பாசுடன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது அது. மின்னணுப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வெரிலாக் மொழியில், "இந்த இரண்டு வேதிப்பொருள்களும் சேர்ந்து இருந்தால் மட்டும் ஒளிர்க" என்பது போன்ற கட்டளையை எழுதினால், அதற்குரிய டி.என்.ஏ தொடரை மென்பொருளே தொகுத்துத் தரும். இவ்வாறு 60 சுற்றுகளை வடிவமைத்து, இடையில் எந்தத் திருத்தமும் செய்யாமல் அப்படியே கட்டிப் பார்த்தார்கள். 45 சுற்றுகள் எல்லா நிலைகளிலும் சரியாக இயங்கின. முன்னாளில் ஒரே ஒரு சுற்றைச் சரிசெய்ய மாதக்கணக்கில் உழைத்த துறையில் இது பெரும் பாய்ச்சல்.

பலரும் இதனைக் கணினியின் வெற்றி என்று பாராட்டினர். நான் வேறொன்றைப் பாராட்டுவேன். அந்த மென்பொருள் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு மரபணு வாயிலும் ஒரே பாக்டீரியா வகையில், ஒரே சூழலில், ஒரே அலகில் முன்கூட்டியே அளக்கப்பட்டு ஒரே வடிவக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. எந்த வகை, எந்தச் சூழல் என்பதும் அக்கோப்பிலேயே இருந்தது. அப்பொறுமையான பதிவு இல்லாவிட்டால் மென்பொருளுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இருந்திராது. எஞ்சிய 15 சுற்றுகளையும் மறந்துவிடக் கூடாது. உயிரணு மின்பலகை அன்று. ஒரு துண்டுக்கு அருகில் எது இருக்கின்றது என்பதைப் பொறுத்தும் அதன் இயல்பு மாறும். தரமான பதிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எது தீரவில்லை என்பதைக் கண்டுகொள்ளவாவது அது வேண்டும்.

அலகு என்றேன் அல்லவா? அதுவும் எளிதில் கிடைத்ததன்று. பாக்டீரியா எவ்வளவு ஒளிர்கின்றது என்பதை ஆய்வகங்கள் நெடுங்காலம் தத்தம் கருவி காட்டிய எண்ணாகவே எழுதி வந்தன. ஒரு கருவியில் 500 என்பது வேறொரு கருவியில் 20,000 ஆகலாம். சாண் கணக்கில் மேசையை அளந்துவிட்டு, யாருடைய சாண் என்று சொல்லாமல் விடுவது போன்றது இது. ஐஜெம் மாணவர் குழுக்களைக் கொண்டே இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒளிரும் சாயத்தையும் நுண்மணிகளையும் அளவுகோலாகக் கொடுத்து, எல்லாரையும் ஒரே முறையில் அளக்கச் செய்தனர். கரைசலிலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறை பற்றி 2020-இல் வெளிவந்த ஆய்வில் 244 ஆய்வகங்கள் பங்கேற்றன. பெரும்பாலும் மாணவர்கள்! பரிசுக்காகப் போட்டியிட வந்தவர்கள் எந்தப் புதுமையும் இல்லாத அளவெடுப்பு வேலையைச் செய்து, உலக ஆய்வாளர்களுக்கே பயன்படும் ஒன்றைக் கொடுத்தார்கள். இதனை நம் பெற்றோர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

பொது ஒழுங்கு இல்லாதபோது மென்பொருளே தன் விருப்பத்துக்கு ஓர் ஒழுங்கைத் திணித்துவிடும். மாணவரின் அடையாள எண்ணை எக்செல் பலகையில் தட்டச்சு செய்து, அது இடையில் கூட்டல் குறியோடு கூடிய ஏதோ ஒன்றாக மாறிநிற்பதைக் காணாத ஆசிரியர் நம்மில் உண்டோ? மரபியல் அறிஞர்களும் இதே தொல்லைக்கு ஆளாயினர். மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் சில மனித மரபணுக்களுக்குக் குறும்பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதிகள் என்று கருதி, மார்ச் முதல் நாள் என்றும் செப்டம்பர் இரண்டாம் நாள் என்றும் மாற்றிவிட்டது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதைக் காட்டியது. இறுதியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாப்ட் 2023-இல்தான் தந்தது.

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1990-களில் ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்த தமிழை இன்னொரு மென்பொருளில் திறந்தால் கிறுக்கல்களே தெரியும். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எழுத்துருவும் குறியேற்றமும் வைத்திருந்தோம். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, நம் நாட்டில் முத்து நெடுமாறன் போன்றோர் உழைத்த காலம் அது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த மாநாடுகளில் இதுபற்றிப் பேசினார்கள், வாதாடினார்கள், கோபித்துக்கொண்டும் இருப்பார்கள். இன்று ஒருங்குறியில் நீங்கள் இதனைப் படிக்கின்றீர்கள். ஆனால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தேர்வுத்தாள்களும் பயிற்சிகளும் பல பள்ளிகளில் திறக்க ஆளின்றி வட்டுகளோடு மக்கிப்போயின. அறிவு அழியவில்லை, எழுதிய முறைதான் அதனை அழித்துவிட்டது. அந்த இழப்பை அறிந்த நாமே பிள்ளைகளுக்குப் பொதுவான பதிவுமுறையைக் கற்பிக்காமல் விடுவது எனக்கு வியப்பாக இருக்கின்றது.

மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். தரம், ஒழுங்கு என்று பேசினால் படைப்பாற்றல் முடங்கும் என்பார்கள். பயோபிரிக் கதையில் அதற்குச் சான்றும் உண்டு. ஆனால் எசு.பி.ஓ.எல் யாரையும் இப்படித்தான் வடிவமைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை, வடிவமைத்ததை எழுதும் முறையை மட்டுமே சொல்கின்றது. வலுவான மறுப்பு வேறொன்று. எழுதுபவருக்கு வேலை கூடுகின்றது, பயன் வேறொருவருக்குப் போகின்றது. இதனால்தான் இன்றும் பல ஆய்வகங்கள் படக்காட்சி மென்பொருளில் அம்புகள் வரைந்துவிட்டு அமைதியடைகின்றன. இதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. மதிப்பிடுபவர்கள் மதிப்பெண் கொடுத்தால்தான் மாறும். ஆய்வு இதழ்கள் சில, பொதுக் குறியீடுகளையும் கோப்புகளையும் கேட்கத் தொடங்கியுள்ளன. பள்ளியில் மதிப்பிடுபவர்கள் நாம்தாம்.

திறந்து வைத்தால் தீயவர் கையில் கிடைக்காதா என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான அச்சம். டி.என்.ஏ செய்து விற்கும் முன்னணி நிறுவனங்கள் 2009-இல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி, வரும் ஆணைகளில் ஆபத்தான நுண்ணுயிர்களின் தொடர் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்த்து வருகின்றன. எல்லா நிறுவனங்களும் அதில் இல்லை என்பது கவலைக்குரியது. ஆயினும் அந்த ஒப்பீடும் பொதுவான வடிவில் தரவு இருப்பதால்தான் இயலுகின்றது.

நம் அறிவியல் பாடத்தில் செயற்பாங்குத் திறன்களுள் ஒன்றாகத் 'தொடர்பு கொள்ளுதல்' இருக்கின்றது. அதனைப் பெரும்பாலும் அட்டவணைக்கு வண்ணம் தீட்டுவதோடு முடித்துவிடுகின்றோம். என் பரிந்துரை இதுதான். அறிவியல் விழாவின் மதிப்பெண்களில் ஒரு பங்கை, "இந்த அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு பள்ளி இதே ஆய்வைச் செய்ய முடிந்ததா?" என்பதற்கு ஒதுக்க வேண்டும். பச்சைப்பயறு முளைக்கும் ஆய்வே போதும். மூன்று குழுக்களை முதலில் தத்தம் விருப்பப்படி எழுத விடுங்கள். ஒரு குழு நீரின் அளவை 'கொஞ்சம்' என்று எழுதும், இன்னொன்று 'ஒரு மூடி' என்று எழுதும், மூன்றாவது 20 மில்லிலிட்டர் என்று எழுதும். மூன்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர்களால் முடியாது. பிறகு பிள்ளைகளே கூடி, தலைப்புகள், அலகு, தேதி எழுதும் முறை ஆகியவற்றை முடிவு செய்யட்டும். அந்தச் சச்சரவுக்கு ஒரு பாடவேளை முழுவதும் போகும். போகட்டும்.

இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் இதனை இத்தவணையிலேயே செய்து பார்க்கலாம். எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் அறிக்கையை அனுப்புகின்றேன். உங்கள் மாணவர்கள் அதனை மட்டும் படித்துச் செய்யட்டும். எங்கே தடுமாறினார்கள் என்பதை மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். பயறும் பஞ்சும் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும்.